கும்பிடாமல் மனு கொடு

பழங்காநத்தம் ரவுண்டானாவில் ஆர்ப்பாட்டம் என்றால் டூவீலரைச் சந்துக்குள் திருப்பிக்கொண்டு நழுவுகிறாயே தம்பி, உன்னைத்தான் கேட்கிறேன். “நாம சொல்லி என்னத்த ஆகப்போகுது?” என்று எத்தனை டீக்கடையில் சொல்லியிருப்பாய்! ஆகும். ஆகியிருக்கிறது. அதுவும் உன் மதுரை மாவட்டத்திலேயே, மேலூர்ப் பக்கம்.

2024 நவம்பர். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனதாகச் செய்தி. ஏறக்குறைய 5,000 ஏக்கர். அதற்குள் அரிட்டாபட்டியும் அடக்கம். சமணர் படுகையும் தமிழிக் கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் இருக்கிற ஊர். 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசே அறிவித்த ஊர். அந்தப் பக்கம் ஒன்றிய அரசும் பெரும் நிறுவனமும். இந்தப் பக்கம்? நாற்று நட்டவர்கள், ஆடு மேய்த்தவர்கள், சோறு வடித்து வைத்துவிட்டு வந்த பெண்கள்.

அவர்கள் அழுது புலம்பவில்லை. ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். மேலூரில் கடைகளை அடைத்தார்கள். டிசம்பர் 9 அன்று சுரங்கத்துக்கு எதிராகச் சட்டமன்றமே தீர்மானம் நிறைவேற்றியது. அதோடு வீட்டுக்குப் போனார்களா? 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். வழக்குப் பாய்ந்தது, கால் பின்வாங்கவில்லை. ஜனவரி 23, ஏலம் ரத்து!

மேலூரில் மட்டும் நடந்த கதையில்லை இது, தென்னாப்பிரிக்காவைப் பார். 1994இல்தான் எல்லோருக்கும் வோட்டே கிடைத்தது. நான்கே ஆண்டில், எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்ந்தவர்களும் சேர்ந்து ‘சிகிச்சைச் செயல்பாட்டு இயக்கம்’ கண்டார்கள். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போகாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைச் சில இடங்களில் மட்டும் கொடுத்தது அரசு. தங்கள் வோட்டில் வந்த அரசாயிற்றே என்று சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார்கள். 2002இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னது.

நாம் எப்படிக் கேட்கிறோம்? திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸ் போயிருக்கிறாயா? உன் அப்பா வயதுக்காரர் ஒருவர் மனுவை நீட்டும்போதே முதுகை வளைக்கிறார். எதற்கு வளைய வேண்டும்? நீ வாங்குகிற சோப்பில் பிடித்த வரி அந்த மேசைக்கும் சேர்த்துத்தான். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு வரி உண்டு, மனப்பாடம் செய்துகொள்: தகவல் கேட்பவன் ஏன் கேட்கிறான் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு. உன் தெருச் சாக்கடைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், யார் காண்டிராக்ட், எப்போது முடிக்க வேண்டும்? 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய். விடாதே!

பழங்காநத்தத்துக்குக் கிராம சபை இல்லை என்று சாக்குச் சொல்லாதே. 2022 முதல் நகரத்து வார்டுகளுக்குப் பகுதி சபை வந்துவிட்டது. அடுத்தது எப்போது என்று கவுன்சிலரிடம் கேள். தெருவில் நாலு அக்காமார், இரண்டு பெரியவர், உன் கிரிக்கெட் டீம், அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போ. கோரிக்கையை எழுதிக் கொடு. “பாத்துச் செய்றோம்” என்பார்கள். “செய்ங்கண்ணே, அதை முதல்ல நோட்டுல எழுதுங்க” என்று சொல்லிவிட்டு, எழுதி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே.