முத்துப்பிள்ளை

என் சித்தி மகளுக்குப் பதினேழு வயது, பாலிடெக்னிக்கில் முதலாண்டு. போன வருடம் ஒரு திங்கட்கிழமை இரவு, உட்லண்ட்ஸில் சித்தி வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நடுவில் மேசைமேல் இரண்டு கோடு விழுந்த பிளாஸ்டிக் குச்சி. சித்தப்பா பேசவே இல்லை. சித்தி நிறுத்தவே இல்லை. "குடும்ப மானம்" என்ற சொல்லை அன்றைக்கு எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை.

வியாழக்கிழமை இரவு அதே கூடம், அதே ஐந்து பேர். சித்தி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "புள்ள என்ன பாடு பட்டிருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சே" என்று அழுதுகொண்டிருந்தார்.

இந்த இரண்டு இரவுகளுக்கும் நடுவில் அவள் புதிதாக எதுவும் செய்யவில்லை, ஒரு ஸ்கேன் எடுத்தார்கள், அவ்வளவுதான். (இதை அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதக்கா" என்றாள்.)

ஸ்கேனில் குழந்தை இல்லை. தமிழில் இதற்கு முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்று பெயர். ஸ்கேன் திரையில் தெரிவதை மருத்துவர்கள் 'பனிப்புயல்' என்பார்கள். பனியையே பார்க்காத ஊரில் அந்த உவமை யாருக்குப் புரியும்? நம் பெயரே தேவலாம். ஆனால் பிள்ளையே இல்லாத ஒன்றின் பெயரில் 'பிள்ளை' வந்து உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

முழு முத்துப்பிள்ளை உருவாவது இப்படி. கருமுட்டையில் அதன் சொந்த உட்கரு இல்லாமல் போகிறது. உள்ளே நுழையும் ஒற்றை விந்தணு தன்னையே இரட்டித்துக்கொள்கிறது. சிலசமயம் இரண்டு விந்தணுக்கள் நுழைகின்றன. குரோமோசோம் எண்ணிக்கை 46, கணக்குக்குச் சரி. ஆனால் அத்தனையும் தகப்பன் வழி வந்தவை. சிசு உருவாவதில்லை, நஞ்சுத் திசு மட்டும் திராட்சைக் கொத்தாக நீர்க்கொப்புளங்களோடு பெருகுகிறது. அது எச்சிஜி ஹார்மோனைக் கொட்டுவதால் வாந்தி சாதாரணக் கர்ப்பத்தைவிடக் கடுமையாக இருக்கலாம், வயிறு வாரக்கணக்கை மீறிப் பெருக்கலாம். அந்தக் குச்சி பொய் சொல்லவில்லை. ஹார்மோன் இருக்கிறது என்றுதான் சொன்னது. மிச்சத்தை நாங்கள் சொல்லிக்கொண்டோம். நான் வேலை பார்ப்பது சென்சார்களோடு. இந்தத் தவறை ஆபீஸில் செய்திருந்தால் சீனியர் கிழித்திருப்பார்.

தகப்பன் வழி மட்டும்தான் என்பதை 1977இல் ஜப்பானைச் சேர்ந்த காஜி, ஓஹாமா என்ற இருவர் காட்டினார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. உட்கருவில் அவள் பங்கு பூஜ்ஜியம், திங்கட்கிழமை பழியில் அவள் பங்கு நூற்றுக்கு நூறு. அந்தப் பையன் யார் என்றுகூட அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இதை வாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குரோமோசோமை வைத்து நியாயம் பிரிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கோபம் வந்தது.

சித்தி ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "செஞ்ச தப்புக்குச் சாமி குடுத்த தண்டனையாம்மா இது?" என்றார். இருபது வயதுக்குக் கீழேயும் நாற்பதுக்கு மேலேயும் இது கூடுதலாக வருகிறது; நாற்பத்தைந்து வயதில் கல்யாணமாகிப் பேரன் எடுத்த பெண்ணுக்கும் வரும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. தெளிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. திங்களன்று வீட்டில் நடந்த உண்மையான சண்டை கலைப்பதா வேண்டாமா என்பதுதான். சிங்கப்பூரில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி 24 வாரம் வரை அனுமதி உண்டு, பெற்றோர் சம்மதத்தைச் சட்டம் கேட்பதில்லை. முடிவு அவளுடையது. ஸ்கேனுக்குப் பிறகு முடிவெடுக்கவே ஒன்றுமில்லை. "அந்தப் பாவம் நம்மளச் சேரல" என்றார் சித்தி.

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 'அறநெறி அதிர்ஷ்டம்' என்று ஒரு விவாதத்தைத் தொடங்கிவைத்தார்கள். ஒரே மாதிரி அலட்சியமாக ஓட்டும் இரண்டு டிரைவர்களில் ஒருவன் குறுக்கே குழந்தை வந்தால் கொலைகாரன், இன்னொருவன் வராததால் யோக்கியன். விளைவு நம் கையில் இல்லை, தீர்ப்பு மட்டும் விளைவை வைத்தே எழுதப்படுகிறது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அவள் செய்தது தப்பென்றால் வியாழனன்றும் தப்பு. இல்லையென்றால் திங்களன்று ஐந்து பேர் அவளை உட்கார வைத்துப் பேசியதற்கு என்ன பெயர்? மன்னிப்புக் கேட்க வேண்டியது யார்? ஐந்து பேரில் ஒருத்தி நான். அன்றைக்கு நான் சித்தியை நிறுத்தச் சொல்லவில்லை.

பிறகு பொய் வந்தது. திசுவை உறிஞ்சி எடுத்த மறுநாளே, "கர்ப்பப்பையில கட்டி, எடுத்தாச்சு" என்று சொந்தக்காரர்களுக்குச் செய்தி போனது. மோசமான பொய் என்று சொல்ல மாட்டேன். முழு முத்துப்பிள்ளை ஒருவகையில் குழந்தையைவிடக் கட்டிக்குத்தான் நெருக்கம். என் ஆட்சேபம் வேறு. கட்டியை எடுத்தால் கதை முடிந்துவிடும், இது முடிவதில்லை. நூறு பேரில் பதினைந்து இருபது பேருக்கு மிச்சத் திசு மறுபடி வளர்ந்து மருந்து தேவைப்படும், அரிதாகப் புற்றுநோயாகவும் மாறும். அதனால் எச்சிஜி இல்லாமல் போகும்வரை வாராவாரம் ரத்தம் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் மாதக்கணக்கில். கண்டுபிடித்தால் கிட்டத்தட்ட எல்லோருமே குணமாகிறார்கள். போகாவிட்டால்தான் ஆபத்து. எடுத்துப் போட்ட கட்டிக்கு ஒரு பெண் ஏன் வாராவாரம் ஆஸ்பத்திரி போகிறாள்? மூன்றாவது வாரம் ஊரிலிருந்து விருந்தாளி வந்தார்கள் என்று அவள் போகவில்லை. பிறகுதான் நான் கூடவே போக ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் மின் சியு லி என்ற மருத்துவர் 1956 வாக்கில் மெத்தோட்ரெக்சேட் கொடுத்து இந்தப் புற்றுநோயைக் குணப்படுத்தினார். கட்டிகள் கண்ணுக்கு மறைந்த பிறகும் ஹார்மோன் மிச்சமிருக்கிறதே என்று மருந்தைத் தொடர்ந்தார். அதற்காகவே வேலை போனது. 1972இல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள். சிங்கப்பூரில் இந்த நோயைப் பற்றி ஆராய்ந்தவர்களில் யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் எஸ்.எஸ். ரத்தினமும் ஒருவர். 1983இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கிய குழுவின் தலைவர் என்றுதான் நம் ஆட்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். இதற்காகவும் வைத்திருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை ரயிலில் கேட்டாள், "அக்கா, அது புள்ளையா இல்லையா?"

நான் உட்கரு, குரோமோசோம் என்று ஆரம்பித்தேன். ஈஷூன் தாண்டும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் டாக்டர் சொல்லிட்டாங்க. ரெண்டு வாரம் நான் அதுகூடப் பேசிட்டிருந்தேன். அப்ப நான் யார்கிட்டப் பேசினேன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் அழலாமா என்று வீட்டில் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. இல்லாத குழந்தைக்கு எதற்கு அழுகை என்பது எல்லோர் கணக்கும். நியூட்டனில் இறங்கி மாறினோம். அங்கிருந்து லிட்டில் இந்தியா ஒரே ஸ்டேஷன்தான், நின்றுகொண்டே போனோம். என்ன பேசினாய் என்று கேட்டேன். சொன்னாள்.