புறப்படுமுன் எழும் கலக்கம்

அயல்நாடு செல்லுமுன் மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே எழுவதேன்? பெறப்போவதையும் இழக்கக்கூடியதையும் எண்ணும் பற்று ஒன்றே இரண்டிற்கும் வேர்.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணல் அம்பேத்கர், நீரிழிவால் நலிந்த உடலோடு மறுமாதமே டில்லியினின்று நேபாளம் சென்றார். காட்மாண்டுவில் கூடிய உலக பௌத்தர் மாநாட்டையொட்டி, புத்தரையும் கார்ல் மார்க்சையும் சீர்தூக்கி நவம்பர் 20இல் உரையாற்றினார். டில்லி மீண்டு, டிசம்பர் 6இல் மறைந்தார். அப்பயணத்தில் அவர் தமக்கெனத் தேடியது யாது? பிறர்க்கு அளிக்க வேண்டியதொன்று இருந்தது. ஆதலின் நலிவு தடையாகவில்லை.

அன்பர்களே, கூலி தேடிக் கடல் கடத்தல் குற்றமன்று; கலங்குதலும் குற்றமன்று. கலக்கம் எழுவதையும் தணிவதையும் விழிப்போடு நோக்குவோம். "என்ன கிடைக்கும்?" என்பதோடு, "எவர்க்கு யாது அளிப்போம்?" என்றும் நெஞ்சை வினவிப் புறப்படுவோம்.