நிரூபிக்க வேண்டியவர் யார்

ஒரு மனிதன் ஓர் இடத்தைச் சேர்ந்தவன் என்பதை யார் நிரூபிக்க வேண்டும்? அவனா, அந்த இடத்தை ஆள்கிறவர்களா? சட்டப் புத்தகங்களில் இது ஒரு சிறிய பிரச்னை. சாட்சியச் சட்டத்தில் 'நிரூபிக்கும் பொறுப்பு' என்ற தலைப்பின்கீழ் சில பிரிவுகளில் முடிந்துவிடும். வக்கீல்களின் நுணுக்கம் என்று நாம் இதை ஒதுக்கிவிட்டதாலேயே இதன் தார்மீக கனம் நம் பிரக்ஞைக்கு வராமல் போயிற்று என்று தோன்றுகிறது. இரண்டு விவகாரங்களை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒன்று இலங்கை மலையகத்தில் நடந்தது, மற்றது கேரளத்தில். இரண்டுக்கும் சரித்திரரீதியான தொடர்பு இல்லை. ஒரே கேள்வி இரண்டிலும் எதிரெதிர்த் திசையில் கேட்கப்பட்டது என்பதுதான் அவற்றைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது.

முதலில் மலையகம். கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும், 1948ல் இலங்கை சுதந்திரம் அடைந்தபோது தோட்டத்து லயங்களில் இருந்தார்கள். முந்திய வருஷத் தேர்தலில் வாக்களித்து இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். 1948ன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் போதாது என்றது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இதில் அடங்காதவர்கள் பதிவு செய்துகொள்ள 1949ல் இன்னொரு சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், விவாகமானவர் ஏழு வருஷமும் மற்றவர் பத்து வருஷமும் இடைவிடாமல் வசித்ததைக் காட்ட வேண்டும். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. இதற்கிடையில் 1949ன் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது. 1952 பாராளுமன்றத்தில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இந்தச் சட்டங்களின் பொதுவான வாசகங்களுக்குப் பின்னால் ஒரு சாமர்த்தியம் உண்டு. தகப்பனின் பிறப்பிடத்தை நிரூபிக்கச் சொன்னால் எந்த நாட்டுக் குடியானவனும் விழிப்பான். ஆனால் சிங்களக் கிராமத்தானிடம் நடைமுறையில் எவரும் அதைக் கேட்கவில்லை. கேட்கப்பட்டவன் மட்டுமே பதில் தேட வேண்டியவனாகிறான். எந்தச் சமூகத்தின்மீதும் பிற சமூகங்களுக்கு இல்லாத தடையைச் சுமத்தக்கூடாது என்று இலங்கையின் அன்றைய அரசியல் சட்டத்தில் 29ஆம் பிரிவு சொல்லியிருந்தது. கோடக்கன் பிள்ளை வழக்கு அதை நம்பித்தான் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போயிற்று. 1953ல் வந்த தீர்ப்பு, இம்மக்களின் இடம்பெயரும் வழக்கம் பிரஜாவுரிமைத் தகுதிக்குச் சம்பந்தப்பட்ட விஷயமே, ஒரு சமூகம் என்ற முறையில் அவர்களைப் பாதிப்பதாகாது என்று கருதியது. இடம்பெயரும் வழக்கம்! ஆள் கட்டும் கங்காணியும், ஆளை எடுக்கும் துரையும், அதற்கு வசதி செய்து தந்த காலனி அரசும் உண்டாக்கிய பெயர்ச்சி, பெயர்க்கப்பட்டவனின் சுபாவமாக எழுதப்பட்டது.

அவர்கள் காகிதமே இல்லாத மக்களாகவும் இருக்கவில்லை. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவனுக்கு இவ்வளவு கடன், அதைத் தீர்த்தால் விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதித் தருவது அது. 1921ல்தான் அம்முறை ஒழிந்தது. ஒவ்வொரு நாளும் பிரட்டில் நின்றவனின் பெயர் செக்ரோலில் ஏறியது. கடனுக்கும் கூலிக்கும் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு தோட்ட ஆபீஸில் இருந்தது. பதிவேட்டை வைத்திருந்தவர்களைச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. பதிவேட்டில் பெயராக மட்டும் இருந்தவனை, உன் ஆதாரம் எங்கே என்று கேட்டது. பிறகு 1964 ஒப்பந்தத்தில் அவர்கள் 9,75,000 என்ற தொகையானார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974ல் அந்த மீதியும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது.

இனி கேரளம். 1976 மார்ச் 1ந் தேதி, நெருக்கடி நிலையின்போது, கோழிக்கோடு பிராந்திய இன்ஜினீயரிங் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. அடுத்த மாதம் 28ந் தேதி இந்தியாவின் சுப்ரீம் கோர்ட், ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலை இருக்கும்வரை காவலில் வைக்கப்பட்டவருக்காக எவரும் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியாது என்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட அந்த ஒருவர் நீதிபதி எச். ஆர். கன்னா. 2017ல்தான் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தவறென்று நிராகரித்தது. ராஜனின் தகப்பனார் ஈச்சர வாரியர் 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை விலக்கப்பட்ட பிறகே ஹைக்கோர்ட்டில் ஆட்கொணர்வு மனுவைப் போட முடிந்தது.

ஆட்கொணர்வு என்ற சொல்லின் அர்த்தத்தைக் கவனிக்க வேண்டும். ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று அது அரசைப் பார்த்துச் சொல்கிறது. ராஜன் தங்கள் காவலில் இருந்ததே இல்லை என்று அரசு பிரமாணப் பத்திரம் கொடுத்தது. முத்திரையும் கையெழுத்தும் உள்ள காகிதம் அரசின் பக்கம் இருந்தது. தகப்பனார் பக்கம் இருந்தவை கல்லூரி முதல்வர் எழுதிய கடிதமும், பிடித்துப் போனதையும் முகாமில் வைத்திருந்ததையும் கண்ணால் கண்டவர்களின் வாய்ச்சொல்லும். 1977 ஏப்ரல் 13ந் தேதி ஹைக்கோர்ட் கண்டவர்களை நம்பியது. ஆளைக் கொண்டுவரச் சொன்னது. அம்மாதமே முதலமைச்சர் கருணாகரன் ராஜிநாமா செய்ய நேர்ந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் உள்துறை அவரிடம் இருந்தது. ராஜன் கக்கயம் போலீஸ் முகாமில் இறந்துவிட்டதை அரசு பிறகு ஒப்புக்கொண்டது. உடல் கிடைக்கவே இல்லை.

மலையகத்தில் ஆள் கண்ணெதிரே நின்றான், காகிதம் கேட்கப்பட்டது. கேரளத்தில் காகிதம் நீட்டப்பட்டது, ஆள் கேட்கப்பட்டான். முதலாவதில் மனிதன் அரசுக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. இரண்டாவதில் அரசு மனிதனுக்கு. இவற்றை மனித உரிமை, பிரஜாவுரிமை, அரசின் பொறுப்பு என்று தனித்தனி இயல்களாகப் பிரித்துப் படிக்கிறோம். எனக்கு இவை ஒரே விஷயமாகவே படுகின்றன. நிரூபிக்கும் பாரம் எந்தத் தோளில் ஏற்றப்படுகிறது என்பதுதான் அது.

ஆதாரமில்லாமல் ஓர் அரசு எப்படி ஒருவனைத் தன் பிரஜையாக ஏற்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. ஒரு விஷயம் விசேஷமாக ஒருவருடைய அறிவுக்குள் இருக்குமானால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே என்கிறது 1872ன் இந்திய சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. 1895ன் இலங்கைச் சாட்சியச் சட்டத்திலும் அதே விதி, அதே எண்ணில் இருக்கிறது. 2024ல் இந்தியாவில் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அதைக் கைவிடவில்லை. யார் கப்பலில் வந்தார், யார் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார், யார் எந்த லாக்கப்பில் இருந்தார் என்பதெல்லாம் எழுதிவைக்கும் அதிகாரம் உள்ளவர்களின் அறிவுக்குள் இருப்பவை. எழுதும் அதிகாரம் யாரிடமோ அவரிடம்தான் நிரூபிக்கும் பாரமும் இருக்க வேண்டும். எழுதாமல் விட்டதன் பலனை எழுதாதவரே அனுபவிக்கவிடுவது நீதியாகாது.

2003ல் இலங்கைப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, 1964 அக்டோபரிலிருந்து அங்கேயே வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியினரும் பிரஜைகளே என்று ஏற்றது. ஐம்பத்தைந்து வருஷம் முடியாதென்று சொல்லப்பட்டது முடிந்தது. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் தாங்கள் பார்த்தேயிராத சொந்த ஊருக்குக் கப்பலேற்றப்பட்டிருந்தார்கள். 2019 ஆகஸ்ட் 31ந் தேதி அஸ்ஸாமில் வெளியான பிரஜைகள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர் விடுபட்டது. அங்கும் தகப்பன், பாட்டன் பெயர்களைத் தேடி ஓடியவர்கள் விண்ணப்பதாரர்களே.

எழுதுகிறவர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். எழுத்தில் இருப்பதே நிஜம் என்ற நம்பிக்கையில்தான் நம் தொழில் நடக்கிறது. அந்த நம்பிக்கை குமாஸ்தாவுக்கும் இருக்கிறது. 'நான் இங்கேதான் பிறந்தேன்' என்று ஒரு கிழவி சொல்லும்போது அதை எழுதிக்கொள்ள அவருக்குப் படிவத்தில் இடமில்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.