குப்பை உரத்தில் விளைந்த கீரை: ஹலாலும் தய்யிபும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

நகரத்துக் குப்பையை மக்க வைத்து உரமாக்கி விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். அதில் விளைந்த கீரையைச் சாப்பிடலாமா, அது நஜீஸ் ஆகாதா என்று சிலர் கேட்கிறீர்கள்.

ஹனஃபி, ஷாஃபிஈ இமாம்களில் பெரும்பாலோர் அந்த விளைச்சல் ஹராம் அல்ல என்கிறார்கள். வெளியே அசுத்தம் ஒட்டியிருந்தால் கழுவிக்கொள்ள வேண்டும். ஹன்பலி மத்ஹபில் இதில் கடுமை உண்டு. ஆனால் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் தம் நிலத்துக்கு மனிதக் கழிவையே எருவாக இட்டார்கள் என்ற செய்தியை இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் 'அல்முக்னீ'யில் பதிவு செய்திருக்கிறார்கள். நம் சிவகங்கைச் சீமையிலும் ஆட்டுக்கிடை போட்ட வயலின் நெல்லை யாரும் ஒதுக்கியதில்லை.

ஆக, ஹலாலா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அல்லாஹ் அல்குர்ஆன் 2:168-இல் மனிதர்கள் அனைவரையும் அழைத்து, ஹலாலாகவும் தய்யிபாகவும் இருப்பதை உண்ணச் சொல்கிறான். தய்யிப் என்றால் தூய்மையானது, நலம் தருவது. நம் கவலை இங்கேதான் இருக்க வேண்டும்.

வாழை இலையும் மிச்சச் சோறும் மக்கிவிடும். குவியலின் சூட்டில் கிருமிகளும் பெரும்பாலும் செத்துவிடும். ஆனால் பேட்டரியில் உள்ள காட்மியம், டியூப்லைட்டில் உள்ள பாதரசம், பழைய பெயின்டில் உள்ள ஈயம் மக்காது. மண்ணில் தங்கும். காட்மியத்தைக் கீரை எளிதில் உறிஞ்சும். அதனால்தான் நகர உரம் ஒரு கிலோவில் ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம், பாதரசம் 0.15 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று அரசு வரம்பு வைத்திருக்கிறது. விவசாயச் சகோதரர்களே, பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மேலே காய்ந்ததை வைத்து ஈரத்தை மறைத்த வியாபாரியைக் கண்டித்து, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றார்கள் (முஸ்லிம்). காய்கறித் தோலுக்கு நடுவே பேட்டரியை முடிந்து வைத்து வண்டியில் போடுகிறோமே, அந்தக் குவியலுக்குள் இன்று யார் கை விடுகிறார்கள்? தூய்மைப் பணியாளர். உடைந்த கண்ணாடியும் ஊசியும் அவர் கையைக் கிழிக்கின்றன. பிறருக்குத் தீங்கு செய்வதை மார்க்கம் தடுத்திருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்குவது, மக்காதது, ஆபத்தானது என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கக் கூறின. இன்றிலிருந்தே வீட்டில் குப்பையைப் பிரியுங்கள். வலீமா விருந்தில் இலையோடு பிளாஸ்டிக் கப்பைச் சேர்த்துச் சுருட்டாதீர்கள்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து, விதைத்த பயிரிலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள் (புகாரீ, முஸ்லிம்). நிலம் இல்லாதவரும் சுத்தமான எருவைக் கொடுத்து அந்த நன்மையில் பங்கை ஆதரவு வைக்கலாம்.

வல்ல ரஹ்மான் நமக்கு ஹலாலான, தய்யிபான உணவைத் தருவானாக! நம்மால் எவருக்கும் தீங்கு நேராமல் காப்பானாக! ஆமீன்.