கைப்பக்குவம்

முன்பெல்லாம் தீபாவளிக்கு வீட்டிலேயே பலகாரம் செய்தார்கள், அதில் அன்பு இருந்தது; இன்று கடையிலிருந்து அட்டைப்பெட்டி வருகிறது, அதில் அன்பு இல்லை என்று வருஷந்தோறும் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார். படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. எனக்குச் சந்தேகம் இந்தச் சுகத்தின் மீதுதான். வீட்டில் செய்து கொடுப்பதன் சந்தோஷம் பொய் என்று சொல்ல வரவில்லை. அது எதனால் ஆனது என்று கேட்காமலே கொண்டாடிவிடுகிறோம் என்பதுதான் என் குறை.

அன்பு என்ற பதில் போதாது. அன்பில்லாத வீடுகளிலும் அதிரசம் சுட்டார்கள். கடைப்பெட்டியை மனசார வாங்கி வந்து கொடுக்கிறவர்களும் உண்டு.

அதிரசத்தையே எடுத்துக்கொள்வோம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போகுமுன் இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்க வேண்டும். இளகிய உருண்டையாக அது திரளும் நேரம்தான் பதம். பிந்தினால் அதிரசம் கல்லாகிவிடும். முந்தினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து உதிரும். பிசைந்த மாவை ஒரு நாளாவது வைத்திருந்துதான் சுடுகிறோம். ஆகவே தப்பு நேற்றே நடந்திருக்கும், தெரிவது இன்று. செய்முறையைப் புத்தகத்தில் எழுதலாம், பதம் எழுத்தில் வராது. அதைத்தான் நம் பாஷை கைப்பக்குவம் என்கிறது.

ஆக, ஒரு தட்டில் நாலு அதிரசம் வைத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறவள் தன் தோல்வியின் சாத்தியத்தையும் சேர்த்தே அனுப்புகிறாள். பெட்டியில் வந்தது நன்றாயில்லை என்றால் கடைக்காரனைத் திட்டலாம். இதில் அப்படித் தப்பிக்க வழியில்லை. தன்னை இன்னொருவரின் நாக்குக்கு ஒப்புக்கொடுக்கிற இந்தத் துணிவில்தான் அந்தச் சந்தோஷம் வேர்விட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. வாங்குகிறவளுக்கும் இது தெரியும். அதனால்தான் தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை. வேறு ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது அதில் இருக்கும். 1925இல் வெளிவந்த தமது நீண்ட கட்டுரையில் மார்ஸெல் மோஸ், கொடுப்பது, ஏற்பது, திருப்பிக் கொடுப்பது என்று மூன்று கடமைகளைச் சொன்னார். கொடுத்தவனில் ஏதோ ஒன்று கொடுத்த பொருளில் தங்கிவிடுகிறது என்றார். எங்கள் தெருப் பெண்களுக்கு அவரைப் படிக்காமலே இது தெரிந்திருந்தது. அடுப்பில் வெந்த கை அவர்களுடையது. ‘இன்னார் வீட்டுத் தட்டு’ என்று வந்த பெயர் மட்டும் ஆண்களுடையது.

இந்த இடத்தில் முடித்துக்கொண்டால் எல்லோருக்கும் சௌகரியம். ஆனால் அந்தத் தட்டு எந்தெந்த வீடுகளுக்குப் போயிற்று என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

கொடுத்தவரின் கை பண்டத்தில் தங்கிவிடுகிறது என்பதை மோஸுக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தது ஜாதி. அரிசி, தேங்காய், பழம் யாரிடமிருந்தும் வாங்கலாம், சமைத்ததை வாங்கலாகாது. சமைத்ததில் கை இருக்கிறது. எங்கள் வீட்டு வயலில் வேலை செய்தவர்கள் தீபாவளியன்று கொல்லைப்புறம் வந்து பலகாரம் வாங்கிப் போனார்கள். அவர்கள் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் எங்கள் அடுக்களைக்கு வந்ததேயில்லை. அவர்களும் அன்று ஏதாவது செய்திருப்பார்கள். அதன் ருசி என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொடுத்தோம், ஆனால் ஏற்கவில்லை. மோஸின் மூன்று கடமைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குத் தாராள மனசு என்று பெயரும் வைத்தோம்.

1920களின் நடுவில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு போட்டது தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கிற்று. சேர்ந்து உண்பதால் மட்டும் ஜாதி சாகாது என்று 1936இல் அம்பேத்கர் எழுதியது சரிதான். ஆனால் தட்டு திரும்பி வராத இடத்தில் மற்றது எதுவும் தொடங்கக்கூட முடியாது.

இனி அட்டைப்பெட்டியைப் பார்ப்போம். அதில் யாருடைய கையும் தெரிவதில்லை. முகமற்றது என்று நாம் பழிக்கிற அதே குணத்தால்தான் அது எல்லா வாசலிலும் தடையின்றி ஏறுகிறது. இதை வைத்துப் பெட்டியை முற்போக்கு என்று கொண்டாடவும் எனக்கு மனமில்லை. அது சுவரை இடிக்கவில்லை. யார் செய்தது என்ற கேள்வியே எழாதபடி சுற்றிக்கொண்டு போகிறது. பெட்டியை வாங்கிக்கொள்கிறவன் கொடுத்தவனின் கையை ஏற்கவில்லை. கை இல்லாததை ஏற்கிறான்.

எனவே வீட்டுப் பலகாரத்துக்காக ஏங்குகிறவர்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. கொடுத்த கதை வேண்டாம். யார் யார் கையால் செய்ததை வாங்கிச் சாப்பிட்டீர்கள்?

அம்மா போன பிறகு ஒரு தீபாவளிக்கு நானே அதிரசம் செய்து பார்த்தேன். பாகு முந்திவிட்டது, பாதி எண்ணெயில் உதிர்ந்தது. தேறியவற்றை ஒரு கிண்ணத்தில் போட்டு மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கொடுத்தேன். மறுநாள் அந்தக் கிண்ணத்தில் அவர்கள் பிடித்த பொரிவிளங்காய் உருண்டைகள் வந்தன. வாயில் போடுமுன், இவர்கள் யார் என்று மனம் கேட்டது. ஒரு கணம்தான். பிறகு சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

ஆனாலும் கேட்டது. நாற்பது வருஷப் படிப்பும் விவாதமும் அந்தக் கணத்துக்கு முன்னால் ஓடி வந்து நிற்கவில்லை.