கன்னு தங்கல

போன பொங்கலுக்குத் திருமலைராயன்பட்டினம் போயிருந்தபோது, பெரியம்மா வீட்டு ஜெர்சி கலப்பு மாடு கன்று போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. காளைக்கன்று. விலா எலும்பை எண்ணலாம்.

“நோயா பெரியம்மா?”

“நோயெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. கிடாரின்னா ஒரு காம்பு முழுசா விட்டிருப்பேன். இத வளத்து என்ன பண்றது?”

சொல்லிவிட்டுக் காபி கொடுத்தாள். நல்ல கெட்டிப் பால்.

காலையில் கறவையைப் பார்த்தேன். முதலில் கன்றை ஊட்ட விட்டாள். கன்றின் வாய் பட்டதும் தாயின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் இறங்கும், மடி சுரக்கும். சுரந்ததும் கன்றை இழுத்துக் கட்டிவிட்டாள். பாலை வரவழைத்தது கன்று. பால் போனது சொசைட்டிக்கு.

ஊர் திரும்பியதும் கன்றின் உடம்புக்குள் என்ன நடந்திருக்கும் என்று தேடிப் படித்தேன். பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை அனுப்புகிறது. கல்லீரல் அதைக் கேட்டு ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனை உண்டாக்குகிறது. அதுவும் இன்சுலினும் சேர்ந்துதான் தசையில் புரதம் சேர வைக்கின்றன. வயிறு நிறைந்த கன்றில் இது தடையில்லாமல் ஓடும். தீனி குறைந்த கன்றில் நடப்பதுதான் விசித்திரம். வளர்ச்சி ஹார்மோன் குறைவதில்லை, கூடுகிறது. கல்லீரல்தான் காது கொடுப்பதில்லை. ஐஜிஎஃப்-1 இறங்கிவிடுகிறது. ‘வளர், வளர்’ என்ற கட்டளை ரத்தத்தில் ஓடிக்கொண்டே இருக்க, உடம்போ சேர்த்து வைத்த தசையை அமினோ அமிலங்களாக உடைத்து உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது.

இளங்கன்றுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு பால் தினமும் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 25 கிலோ கன்றென்றால் இரண்டரை லிட்டர்.

பெரியம்மாவைக் கொடுமைக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. உழவுக்கு டிராக்டர் வந்தாச்சு, சினைக்கு ஊசி வந்தாச்சு. காளையின் இரண்டு வேலையும் போய்விட்டது. இப்போது பெரும்பாலும் கிடாரியே பிறக்கும்படி பிரித்த விந்து ஊசியும் வந்துவிட்டது. பட்டினி போடுவதைவிட அது மேல்தான். ஆனால் பிறந்து கட்டுத்தறியில் நிற்கிற கன்றுக்கு அது பதிலாகாது.

எங்கள் ஊருக்கு மேற்கே திருவாரூர். கன்றைக் கொன்ற தேர்க்காலில் மகனைக் கிடத்திய மனுநீதிச் சோழன் கதை அந்த ஊருடையது. அந்தக் கதையில் நீதி சுலபம் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு தேர், ஒரு சக்கரம், ஓட்டியவன் ஒருவன். இங்கே சக்கரத்தை யார் ஓட்டினார்கள்? கயிற்றை இழுத்த பெரியம்மாவா, லிட்டர் கணக்கில் காசு தரும் சொசைட்டியா, இரண்டாவது டம்ளர் கேட்ட நானா? ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டால் யார் கையிலும் ரத்தம் தெரிவதில்லை. கொல்வதும் சாக விடுவதும் ஒன்றா என்று தத்துவக்காரர்கள் வாதாடுகிறார்கள். அவர்கள் சொல்லும் உதாரணங்களில் சாக விடுகிறவன் சும்மா நிற்கிறான். நாங்கள் சும்மா நிற்கவில்லை. கன்றின் வாயிலிருந்து எடுத்தோம்.

மாசியில் பெரியம்மா போனில் சொன்னாள்: “கன்னு தங்கல தம்பி.”

டெல்டாவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஏதோ கன்றே முடிவெடுத்துக் கிளம்பிப் போன மாதிரி. ‘தங்க விடல’ என்பதுதான் சரியான வார்த்தை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். கையில் காபி இருந்தது.

“சரி பெரியம்மா” என்றேன்.