ஊசி போட்டும் அழாத பிள்ளை



பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைப் பார்த்ததும் சீடர்களுக்கு முதலில் எழுந்த கேள்வி, இது யார் செய்த பாவம் என்பதுதான். இவனா, இவனைப் பெற்றவர்களா? யாருடைய பாவமும் இல்லை என்று ஆண்டவர் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறார். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் என்றால் நமக்குச் சேறும் சிலோவாம் குளமும் ஞாபகம் வரும். அதன் நடுவில் ஒரு தாயையும் தகப்பனையும் விசாரணைக்குக் கூப்பிடுகிறார்களே, அவர்களை நாம் கவனிப்பதில்லை. உங்கள் பிள்ளைதானா, எப்படி இப்படி ஆனான் என்று கேள்விமேல் கேள்வி. பயந்துபோய், அவன் வயது வந்தவன், அவனையே கேளுங்கள் என்று நழுவுகிறார்கள். பிள்ளைக்கு இரண்டு வயது என்றால் அந்த வழியும் கிடையாது.

இந்தத் தவக்கால ஞாயிறன்று அப்படிப்பட்ட பெற்றோரைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும்போது சில குழந்தைகள் அழுவதில்லை. “சிங்கக்குட்டி, சத்தமே போடல பாரு” என்று பாட்டிக்குப் பெருமை. அழாத பிள்ளைக்கெல்லாம் நோய் என்று சொல்லவில்லை. ஆனால் பல் முளைத்ததும் தன் நாக்கையும் விரல் நுனியையும் ரத்தம் வரக் கடித்துக்கொண்டு சிரிக்கிற பிள்ளை, சூடான தோசைக்கல்லில் கை வைத்துவிட்டு எடுக்காமல் நிற்கிற பிள்ளை, எலும்பு முறிந்த காலோடு ஓடி விளையாடுகிற பிள்ளை என்றால் அதைத் தைரியம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. சித்திரை வெயிலில் ஸ்ரீரங்கம் கோயில் பிரகாரத்துக் கல்லில் பெரியவர்களே துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுகிறார்கள். ஒரு பிள்ளை மட்டும் நின்று நிதானமாக நடந்தால், அதன் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்.

வலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் நம் பக்கத்து மலையில் பிறந்தவர். புளியஞ்சோலைக்குக் குளிக்கப் போகிறபோது அண்ணாந்து பார்க்கிறோமே, அந்தக் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். பெற்றோர் மிஷனரிகள். தந்தை காய்ச்சலில் அந்த மலையிலேயே இறந்தார். மகன் இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்து 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தன்னால் திறக்க முடியாமல் அவர் நின்றபோது, தொழுநோய் கண்ட ஒரு சிறுவன் வந்து சாவியைச் சட்டென்று திருகிவிட்டான். அவன் விரலில் ரத்தம். பார்த்தால் சதை கிழிந்து எலும்பு தெரிகிறது. அவனோ சிரித்துக்கொண்டிருக்கிறான். இரவில் சில நோயாளிகளின் விரல்கள் காணாமல் போகின்றனவே என்று கண்விழித்துப் பார்த்தபோது, தூங்குகிறவர்களின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அதன்பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குக் கையோடு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார்கள். மருத்துவமனை மருந்துச் சீட்டில் பூனை! எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

கிருமி நரம்பைக் கெடுக்கிறது, நரம்பு கெட்டால் வலி போகிறது, வலி போனவர் தன் கையைத் தானே அழித்துக்கொள்கிறார். அவர் கண்டது இதுதான். பின்னாளில் அமெரிக்காவில் செயற்கையாக வலியை உண்டாக்கும் கருவி ஒன்றையும் செய்து பார்த்தார். ஆபத்து வந்தால் ஒலி எழும்பும், பிறகு மின் அதிர்ச்சி கொடுக்கும். நோயாளிகள் அதை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். முயற்சி கைவிடப்பட்டது.

தொழுநோய் பின்னால் வருவது. பிறக்கும்போதே வலி உணராத பிள்ளைகளும் உண்டு, மிக அபூர்வமாக. பாகிஸ்தானில் ஒரு சிறுவன் தெருவில் கையில் கத்தி குத்திக்கொண்டும் தீக்கங்கில் நடந்தும் வித்தை காட்டிப் பிழைத்தான். பதினான்கு வயது வாக்கில் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனைப் போலவே வலி உணராதவர்கள் இருந்த குடும்பங்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள், வலிச் செய்தியைக் கடத்தும் ஒரு மரபணு பழுதாகியிருப்பதை 2006-இல் வெளியிட்டார்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதும் சேர்ந்தால்தான் நோய். பெற்றவர்கள் இருவருக்கும் ஒரு குறையும் வெளியே தெரியாது. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்கிற இடங்களில் இது சேர வாய்ப்பு அதிகம். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுமுறைத் தடை விலக்குக் கேட்டுப் பங்கு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இதையும் ஒரு மருத்துவரிடம் கேட்டுவிட்டு வந்தால் நல்லது. ஆனால் ஏற்கெனவே இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவர்களிடம் போய், சொந்தத்தில் கட்டினதால்தான் என்று சொல்லாதீர்கள். அது சீடர்கள் கேட்ட அதே கேள்வி, ஆய்வுக்கூடச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

இந்த வீடுகளில் நோயைவிட அதிகம் புண்படுத்துவது அக்கம்பக்கத்துப் பார்வை. உதட்டில் காயம், கையில் தீப்புண், மாதம் ஒரு கட்டு. “பெத்தவளே சூடு வச்சிருப்பா” என்று பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. பிள்ளையை வதைக்கிறார்கள் என்று இத்தகைய பெற்றோர் சந்தேகிக்கப்படுவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. உண்மையில் அந்தத் தாய் என்ன செய்கிறாள்? காலையும் மாலையும் பிள்ளையின் கண், வாய், விரல் இடுக்கு, முட்டி, பாதம் எல்லாவற்றையும் தடவிப் பார்க்கிறாள். செருப்புக்குள் கல் இருக்கிறதா என்று உதறுகிறாள். குளிக்கும் தண்ணீரில் முதலில் தன் கையை வைக்கிறாள். பிள்ளையின் உடம்பு சொல்லாததை அவள் கண்ணும் கையும் சொல்லியாக வேண்டும், தூங்கும் நேரத்திலும். ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் சேர்ந்து துன்புறும் என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதினார். துன்புறத் தெரியாத உறுப்பை என்ன செய்வது? மற்ற உறுப்புகள் அதைப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு தாயின் இரண்டு கண் இதற்குப் போதாது. திருச்சபை என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோமே, மீதிக் கண்கள் நம்முடையவை.

சந்தேகம் இருந்தால் ஜெபத்தோடு நிறுத்திவிடாமல் திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை முதலில். அதற்குக் கூட்டு மருந்து அரசு நிலையங்களில் இலவசம், முழுக்கக் குணமாகும். பிறவி நோய்க்கு மருந்து இல்லை, பாதுகாப்புதான் உண்டு. அதில் ஒரு வகையில் வலியோடு வியர்வையும் இல்லாமல் பிறக்கிறார்கள். காரணம் தெரியாமல் காய்ச்சல் ஏறும். திருச்சி வெயிலில் அப்படிப்பட்ட குழந்தைக்கு வெயிலே உயிருக்கு ஆபத்து. உடம்பை ஈரத்துணியால் துடைத்துக் குளிர்விக்க வேண்டும்.

பாஸ்காவுக்குப் பிறகு சிறுவர்களுக்கு விடுமுறை விவிலிய வகுப்பு தொடங்குகிறது. ஆசிரியர்களே, மதிய வேளையில் மைதான விளையாட்டு வேண்டாம். விழுந்த பிள்ளை அழவில்லை என்றாலும் முட்டியைப் பாருங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு இப்படி ஏதாவது இருந்தால் பெயர் கொடுக்கும்போதே ஆசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். பீடத்திலிருந்து யார் பெயரையும் நான் வாசிக்க மாட்டேன்.